மடியில் ஒரு ஹீட்டர்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி கிளம்பி மார்க்கெட் இறக்கத்தில் திரும்புவதற்குள் தெய்வானைக்கு வழக்கமான சந்தேகம் வந்துவிட்டது. ஹீட்டரை அணைத்தோமா? அறைக் கதவு, ஜன்னலோரக் கட்டில், கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவரில் முழங்கால் உயரத்தில் இருக்கும் அந்த ஒற்றைப் பிளக், எல்லாவற்றையும் மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சுவிட்ச் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், மடியில் கனப்பது எது என்று உறைத்தது. ஹீட்டர் மடியில்தான் இருந்தது. பழைய சால்வையைச் சுற்றி, வயரை மடக்கி அதன் வயிற்றிலேயே கட்டி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். மடியில் வைத்துக்கொண்டே வீட்டில் அணைத்தோமா என்று தேடுகிற மூளையை என்ன செய்ய முடியும். ஆனாலும் பாருங்கள், மடியில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. ஹீட்டர் இங்கே இருக்கிறது சரி, பிளக் அங்கேதானே இருக்கிறது என்றது. பிளக் மட்டும் தனியாக என்ன செய்யும் என்று அவளும், என்னவோ செய்யும் என்று அதுவும் பேசிக்கொண்டிருக்க, பஸ் முதல் வளைவில் சாய்ந்தது. வீட்டில் புருஷன் கைலாசம் லீவு போட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பால் கரைத்து பிளாஸ்க்கில் இருக்கிறது. ஸ்வெட்டர் கட்டிலின் தலைமாட்டில். எல்லாம் சொல்லியாயிற்று. அவன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொன்ன வேகத்தைப் பார்த்தால் ஒன்றையும் காதில் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கண்டக்டர் வந்தார். சால்வையைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுங்களா?" என்றார். "இல்லங்க, ஹீட்டர்." அவர் ஒரு கணம் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "மேட்டுப்பாளையத்துக்கு எதுக்குங்க ஹீட்டரு? அங்க வெயிலு மண்டையப் பொளக்குது." திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றாள். "கீழ வெச்சா லக்கேஜ் போடோணும். மடியில வெச்சுக்கிட்டீங்கன்னா கொழந்தை கணக்கு, சும்மா" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். சொன்ன பிறகு இறக்கி வைக்க மனசு வரவில்லை. குழந்தை கணக்கு. பக்கத்து சீட்டில் கேரட் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஏனுங்க, ரிப்பேருங்களா?" தெய்வானை, கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்கிறதாம், உள்ளே கோளாறாம், தீப்பிடிக்கக்கூடுமாம் என்றாள். அந்த அம்மாள் மறு வார்த்தை பேசாமல் கேரட் பையை எடுத்துக் காலுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, சீட்டின் விளிம்புக்கு நகர்ந்தார். "கரண்ட் இல்லாம பிடிக்காதுங்க" என்று தெய்வானை சொன்னாள். "அது சரிங்க, இருந்தாலும்" என்றார் அவர். தெய்வானைக்கு அவரைப் பிடித்துவிட்டது. தன்னைப் போல இன்னொருத்தி இந்த உலகத்தில் இருக்கிறாள் என்பதே ஓர் ஆறுதல்தான்.

முந்தாநாள் மத்தியானம் அந்த போன் வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேட்டுப்பாளையம் எலெக்ட்ரிகல் கடையிலிருந்து ஒரு பெண். கைலாசம் சார் வீடுங்களா, ரெண்டு கம்பி ரூம் ஹீட்டர் வாங்கியிருந்தீங்கள்ல, அந்த மாடலைக் கம்பெனி திரும்ப எடுக்குதுங்க, பின்னாடி ஸ்டிக்கர்ல ஒரு நம்பர் இருக்கும், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, எல்லா நம்பரும் இல்ல, சில நம்பருக்குத்தான் பிரச்சினை. என்ன பிரச்சினை? அந்தப் பெண் எதையோ பார்த்து வாசிப்பது போலச் சொன்னாள். நிறுத்தாம தொடர்ந்து ஓடவிட்டா உள்ள வயர் சேர்ற இடம் சூடாகி உருகுதுங்க, தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு, இனிமே பிளக்ல சொருகவே வேண்டாம். குரலில் பயமும் இல்லை, பரபரப்பும் இல்லை. நாளைக்கு இந்தப் பக்கம் தண்ணி வராது என்று சொல்வது மாதிரி சொன்னாள். தெய்வானை பரண்மேலிருந்து ஹீட்டரை இறக்கினாள். திருப்பிப் பார்த்தாள். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனப் பொட்டு இருந்தது. சந்தனத்தின் நடுவில் குங்குமம். மொத்த ஹீட்டரும் கறுப்பு. வெள்ளையாக இருந்த இடம் அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான் என்பதால், பொட்டு எடுப்பாகத் தெரியட்டும் என்று, கைலாசத்தின் அக்கா ஆவுடை மதினி அங்கேயே வைத்திருந்தாள். வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் மதினி பொட்டு வைத்துத்தான் உள்ளே விடுவாள். மிக்ஸி, குக்கர், கைலாசத்தின் ஆபீஸ் பை, எதற்கும் விதிவிலக்கு கிடையாது. காய்ந்து கல்லாகிப்போன சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. ஈரத்துணியால் துடைத்தாள். சந்தனம் போய்க் குங்குமம் கரைந்து, ஸ்டிக்கர் முழுக்கச் சிவப்பாகி, அந்தச் சிவப்புக்குள்ளிருந்து எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. போனில் வாசித்தாள். அந்தப் பெண் அதைத் திருப்பி வாசித்துச் சரிபார்த்தாள். பிறகு, "அதேதாங்க" என்றாள்.

அதேதான். அதே ஹீட்டர்தான் குழந்தை ஆதிரையின் தலைமாட்டில் மார்கழி பூராவும் சிவந்து எரிந்தது. குழந்தைக்கும் ஹீட்டருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இரண்டும் ஒரே நாளில் ஒரே காரில் வீட்டுக்கு வந்தவை. எட்டாம் மாசத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, ஒருவழியாகக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, கோத்தகிரியா என்று அவர் புருவத்தைத் தூக்கினார். குளிர் மட்டும் படக்கூடாது, உடம்பு சில்லிட்டா இந்த எடைக்குத் தாங்காது என்றார். அந்தச் சொல்லைத் தெய்வானை இன்றுவரை விழுங்கவில்லை, தொண்டையில்தான் வைத்திருக்கிறாள். மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்தி, கைலாசம் ஓடிப்போய் வாங்கிவந்தான் இதை. வாசலில் ஆவுடை மதினி ஆரத்தித் தட்டோடு நின்றாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். அம்பாசமுத்திரத்தில் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள், தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றதும் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு போனுமாக மலையேறி வந்தவள். கனத்த உடம்பு, நடந்தால் பாத்திரம் அதிரும். குழந்தைக்கு ஆரத்தி சுற்றினாள். பிறகு டிக்கியிலிருந்து இறங்கிய அட்டைப்பெட்டியைப் பார்த்து, "இதையும் இங்க கொண்டா" என்று பிரிக்கச் சொல்லி, அதற்கும் சுற்றினாள். கைலாசம் சிரித்தான். "சிரிக்காத. இதும் இந்த வீட்டுக்கு வந்த உசுருதான" என்றாள். அப்போது தெய்வானைக்கும் சிரிப்பு வந்தது. குழந்தை பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அரவேனு வந்து ஆட்கள் ஏறினார்கள். மூடுபனி கண்ணாடியில் ஒட்டி ஒழுகிற்று. சரி, அணைத்தோமா? மடியில் இருக்கிறதடி மடியில் இருக்கிறது. அந்த வீட்டில் வேலை செய்கிற பிளக் இரண்டுதான். சமையலறையில் ஒன்று, அதில் பிரிட்ஜ். படுக்கையறையில் ஒன்று, முன்பு அதில் டி.வி., குழந்தை வந்த பிறகு ஹீட்டர். மதினி படுத்த அறையில் இருந்த பிளக் வீட்டுக்காரரின் அப்பா காலத்திலேயே செத்துப்போனது. பார்க்கலாம் பார்க்கலாம் என்பார் வீட்டுக்காரர். அவர் பார்க்கலாம் என்று சொன்னால் இந்த ஜென்மத்தில் பார்க்கமாட்டார் என்று தெரு முழுக்கத் தெரியும். இரைச்சலில் குழந்தை திடுக்கிட்டு விழிக்கிறது என்று தெய்வானை டி.வி.யைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டிருந்தாள். மதினிக்கு நாடகம் பார்க்காமல் சோறு இறங்காது. அதனால் போனில் பார்த்தாள். அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சத்தத்தை நூலாகக் குறைத்து, போனைக் காதுக்கும் கண்ணுக்குமாக மாற்றி மாற்றிப் பிடித்து. ஏதோ ஒரு நாடகத்தில் மருமகள்காரி கோமாவில் கிடந்தாள். மாசக்கணக்காகக் கிடந்தாள். அவள் கண் திறக்கிற சமயம் பார்த்து மதினியின் கிழட்டுப் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். உடனே பூனை போல (அந்த உடம்புக்குப் பூனை என்பது கொஞ்சம் அதிகம்தான்) படுக்கையறைக்குள் வந்து, ஹீட்டர் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தன் சார்ஜரைச் சொருகிவிட்டுப் போவாள். தெய்வானை அசந்திருந்தவள் விழித்துப் பார்த்தால் கம்பிகள் கறுத்துக் கிடக்கும், குழந்தையின் மூக்கு நுனி சில்லென்று இருக்கும், சுவரில் அந்தப் போன் சொகுசாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு தடவையா இரண்டு தடவையா. தினமும், தினத்துக்குப் பல தடவை. "மதினி, பிள்ளைக்குக் குளிருமே." "இந்தா எடுத்துருதேன், கொஞ்சூண்டுதான் ஏத்திருக்கேன்." எடுப்பாள். அடுத்த நாள் மறுபடியும். ஹீட்டர் ஒரு நாளாவது நின்று நிதானமாக, விட்டுவிடாமல் எரிந்ததுண்டா என்றால், இல்லை. நிறுத்தாமல் தொடர்ந்து ஓடவிட்டால் என்று அந்தக் கடைப் பெண் வாசித்தாளே, அந்த வாக்கியத்துக்குள் ஒரு தடவைகூட இந்த ஹீட்டரைப் போகவிடாமல் மறித்துக்கொண்டு நின்றது கோமாவில் கிடந்த ஒரு மருமகள். இதை நினைத்ததும் தெய்வானைக்குப் பஸ்ஸிலேயே கண் நிறைந்துவிட்டது. சால்வை நுனியால் துடைத்துக்கொண்டாள். கேரட் அம்மாள் பார்த்துவிட்டு, புகை வருகிறதோ என்று சால்வையைப் பார்த்தார்.

குஞ்சப்பனைக்கு மேலே வண்டி நின்றது. முன்னால் இரண்டு கார்கள் நின்றிருந்தன. யானை என்று யாரோ சொல்ல, பஸ் முழுக்க அந்தச் சொல் கை மாறிக் கை மாறிப் பின்சீட்டுவரை போனது. பலாப்பழ சீசன், இறங்கியிருக்கும். டிரைவர் எஞ்சினை அணைத்தார். அணைத்ததும் வந்த அமைதியில் தெய்வானைக்கு அந்த நாற்றம் வந்தது. ரப்பர் கருகுகிற நாற்றம். மூக்கில் இல்லை, ஞாபகத்தில்தான், ஆனால் ஞாபகத்துக்கும் மூக்குக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது. பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால். அவள் குளித்துவிட்டு வந்து அறைக்குள் நுழைந்தாள். பிளக்கில் மதினியின் சார்ஜர் தொங்கியது. ஹீட்டரின் வயர் அதற்குக் கீழே பிடுங்கிப் போட்டபடி கிடந்தது. அறை முழுக்கக் கருகல் வாடை. பிளக்கைச் சுற்றிச் சுவரில் பழுப்பாக ஒரு கறை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், அவளுக்குக் கண் மண் தெரியவில்லை. சார்ஜரைப் பிடுங்கினாள். அது சூடாகத்தான் இருந்தது, எந்தச் சார்ஜர் சூடாக இருக்காது, ஆனால் அன்றைக்கு அதுவே சாட்சியாகிப் போனது. "வீட்டக் கொளுத்திட்டுத்தான் ஓய்வீங்களா மதினி? ஒரு நாடகத்துக்காக எம்பிள்ளைய எரிச்சிருப்பீங்களே." மதினி கையில் கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். தெய்வானை அந்தச் சார்ஜரைக் கொண்டுபோய்க் குப்பைக் கூடையில், டயப்பர்களுக்கு நடுவில் போட்டாள். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, இந்த மாதிரி தெருவோரச் சார்ஜரெல்லாம் போடாதீங்க என்று சொல்லி, பிளக்கின் மேல் டேப் ஒட்டி, மாற்றுகிறவரை இதில் எதையும் சொருகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்காரர் பார்க்கலாம் என்றார். ஹீட்டர் பரண்மேல் ஏறியது. இப்போது, இந்த மலைச்சரிவில், எஞ்சின் அணைந்த பஸ்ஸில், எல்லாம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. உருகியது சார்ஜர் இல்லை. மதினி வந்து பிடுங்கியபோது ஹீட்டர் ஏற்கெனவே உள்ளுக்குள் கருக ஆரம்பித்திருந்தது. அவள் வந்து பிடுங்கியதால்தான் அது வாடையோடும் கறையோடும் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால். அதற்குமேல் நினைக்கத் தெய்வானையின் மனசு மறுத்தது. மறுத்துவிட்டு, திருட்டுத்தனமாக நினைத்தும் பார்த்தது. கட்டிலிலிருந்து தொங்கும் போர்வை நுனி. அதன் கீழே இந்தக் கறுப்பு உடம்பு. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். அதற்குமேல் வேண்டாம், வேண்டாம் என்று மடியிலிருந்ததை இறுக்கிக்கொண்டாள். யானை போய்விட்டது போல. முன்னால் கார் கிளம்பியது.

கீழே இறங்க இறங்கக் காது அடைத்து, அடைத்த காது படக்கென்று திறந்தது. பாக்கு மரங்கள் வந்தன. தெய்வானை மப்ளரை அவிழ்த்தாள், பிறகு ஹீட்டரை ஒரு தொடைக்கு மாற்றி, ஸ்வெட்டரையும் கழற்றினாள். யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தால் வரிசை நீண்டுகொண்டே போனது. பிள்ளையாருக்குத் தேங்காய் விடுவது பிரச்சினையில்லை, அவர் எதற்கும் வாங்கிக்கொள்வார். ஆனால் அந்தக் கிழட்டுப் போனின் பேட்டரிக்கு யார் தேங்காய் விடுவது? அது மட்டும் நல்ல பேட்டரியாக இருந்து, நாள் முழுக்கச் சார்ஜ் நின்றிருந்தால்? கதையை முடிக்கத் தெரியாமல் அந்த மருமகளை இழுஇழு என்று இழுத்த மகராசன் எவனோ, அவன் குடும்பம் நன்றாக இருக்கவேண்டும். மழை விழுந்தால் போய்விடுகிற கரண்ட்டுக்கு, அதைச் சபித்துக்கொண்டே மெழுகுவர்த்தி ஏற்றிய சாயங்காலங்களுக்கு, பார்க்கலாம் என்று சொல்லியே மாசி முடிகிறவரை பிளக்கை மாற்றாமல் விட்ட வீட்டுக்காரரின் சோம்பேறித்தனத்துக்கு, தப்பாகவே கண்டுபிடித்து ஒழுங்காக டேப் ஒட்டிய எலெக்ட்ரீஷியனுக்கு. ஒருத்தர்கூட இந்தக் குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்று எதையும் செய்யவில்லை. அவரவர் பாட்டில் அவரவர் கெட்ட குணத்தைச் செய்துகொண்டிருந்தார்கள், நடுவில் குழந்தை பத்திரமாக வளர்ந்துகொண்டிருந்தது. காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து நினைத்து ஒவ்வொன்றாகச் செய்தவள் அவள் ஒருத்திதான். டி.வி.யை நிறுத்தியவள் அவள். ஹீட்டரை மறுபடி மறுபடி சொருகியவள் அவள். பெண்ணைப் பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவள் என்பார்கள். அவள் தலைமாட்டிலேயே கட்டி வைத்திருந்தாள். இருந்தும் இது எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஒன்று இருக்கிறது, அதை நினைக்காமல் கீழே போய்ச் சேரமுடியாது. ஹீட்டர் பரணேறிய பிறகு குளிர் விட்டுவிடவில்லை. குழந்தையைச் சட்டை இல்லாமல் மார்போடு போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவள் போட்டுக்கொண்டாள். பகலில் அவள் அசந்து சரிகிற நேரம், மதினி ஒரு வார்த்தை பேசாமல் வந்து, ரவிக்கைப் பின்னை அவிழ்த்து, அந்தப் பெரிய மார்பின்மேல் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு, மேலே இரண்டு கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்துவிடுவாள். அவ்வளவு வசை வாங்கிய பிறகு. குழந்தை வேர்த்துக்கொண்டு தூங்கும். பொங்கல் கழிந்து வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும், குளிர் காலுக்கு ஒத்துக்கவில்லை, அடிவாரத்தில் மேட்டுப்பாளையத்திலேயே ஒரு ரூம் பார்த்து இருந்துகொள்கிறேன் என்று தம்பியிடம் சொல்லி டிரங்குப் பெட்டியோடு இறங்கிப் போனாள். போகும்போது குழந்தையைத் தொடக்கூட இல்லை. கோபம் என்று தெய்வானை நினைத்தாள். இருக்கட்டும் என்றும் நினைத்தாள். அதன்பிறகு தம்பியோடு மட்டும்தான் போனில் பேச்சு. இப்போது கதவைத் திறப்பாளா, மாட்டாளா? திறந்தால் என்ன சொல்வது? மதினி, நீங்க எங்களக் காப்பாத்திட்டீங்க. நான் எங்கட்டி காப்பாத்துனேன், நாடகம்லா பாத்தேன் என்பாள். உண்மைதானே. தெரியாமல் செய்த நல்லதுக்கு எந்த முகத்தோடு நன்றி சொல்வது, தெரிந்தே சொன்ன சொல்லை எந்தக் கையால் திரும்ப எடுப்பது. ஓடந்துறைப் பாலம் தாண்டியது. வேர்வை கழுத்தில் வழிந்தது. அணைத்தோமா என்று மனசு ஒரு தடவை கேட்டது, கேட்டுவிட்டு அதுவே வெட்கப்பட்டுக்கொண்டது.

கடையில் கூட்டம் இல்லை. அவளுக்கு முன்பே திரும்பி வந்திருந்த ஹீட்டர்கள் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து அடுக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் சால்வையைப் பிரித்தார், ஸ்டிக்கரின் சிவப்பைப் பார்த்து, "ரத்தமுங்களா?" என்று பதறினார். குங்குமம் என்றாள். அவர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே காட்டினார். வயர் சேருமிடத்தில் பிளாஸ்டிக் உருகி வழிந்து, கறுப்பாக உறைந்திருந்தது. "இது உருகுனா செவுத்துப் பிளக்கும் சேந்து கருகுமுங்க. நல்ல நேரத்துல நிறுத்தியிருக்கீங்க. யாரு பாத்தது?" தெய்வானை வாயைத் திறந்தாள். எங்க மதினி என்று சொல்லத்தான் முடிந்தது, குனிந்து சால்வையை மடிக்க ஆரம்பித்தாள். அவர் கட்டிங் பிளேயரை எடுத்து வயரை ஒரே கடியில் கத்தரித்தார். மறுபடி யாரும் எடுத்துச் சொருகிவிடக் கூடாது என்பதற்காகக் கம்பெனி அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறதாம். வயரறுந்து கிடந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நல்லதும் செய்தது, கொல்லவும் பார்த்தது, இரண்டும் அதற்குத் தெரியாது. தெய்வானை குனிந்து அதன் கறுப்புத் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடைக்காரர் பார்க்காத மாதிரி இருந்தார். வேறு ஹீட்டர் வர நாளாகும் என்றார். ஹீட்டர் இருக்கட்டும், நல்லதாக ஒரு போன் சார்ஜர் வேண்டும் என்று வாங்கிக்கொண்டாள்.

மதினியின் ரூம் மாடியில், வெயில் நேராக விழுகிற ரூம். கதவு திறந்தேதான் இருந்தது. மதினி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ளைக்கு என்னட்டி?" என்றாள். "நல்லா இருக்கா மதினி. உக்காந்துட்டா. விழுந்து விழுந்து உக்காருதா." மதினி மூச்சை விட்டாள். பஸ்ஸில் கோத்து வைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் இல்லை. தெய்வானை பையிலிருந்து சார்ஜரை எடுத்து நீட்டினாள். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "கோமாவுல கெடந்தாளே, அவ கண்ணத் தொறந்துட்டாளா?" என்று கேட்டாள்.

மதினி சார்ஜரை வாங்கவில்லை. "அன்னைக்கோட நாடகம் பாக்கதையே விட்டுட்டேன்" என்றாள். கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இந்த ரூம்ல ஒரு பிளக்லயும் நான் எதையும் சொருகுதது இல்ல. கீழ் வீட்டுல குடுத்துத்தான் ஏத்திக்கிடுதேன். சொருகுனா அந்த வாடை வருது. பிள்ளை அங்கனதான கெடந்தா. நானே கொன்னுருப்பேனே தெய்வு. அதான் போயிட்டேன், கோவத்துல போகல. அவ பக்கத்துல இருக்கவே எனக்குப் பயமா இருந்துச்சு." மாசக்கணக்காக ஒருத்தி இந்த வெயில் ரூமில் உட்கார்ந்து, எரியாத ஒரு வீட்டைத் தன் கையால் எரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தெய்வானை அவள் முன்னால் கீரைக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்தாள். "உங்க சார்ஜர் இல்ல மதினி. ஹீட்டரு. உள்ள உருகியிருக்கு, இப்பதான் கண்ணால பாத்துட்டு வாரேன். கம்பெனியே தப்புன்னு திரும்ப வாங்குது. விடாம ஓடினாத்தான் தீப்பிடிக்குமாம். நீங்க புடுங்கிக்கிட்டே இருந்தீங்கல்லா, அதனாலதான் அவ இருக்கா. நாங்க மூணு பேரும் இருக்கோம். நான் சொன்னது அத்தனையும் தப்பு."

மதினி கீரை உருவுவதை நிறுத்தினாள். உருவிய காம்பு கையில் அப்படியே இருந்தது. பிறகு, "நான் நாடகம் பாக்கத்தானட்டி புடுங்குனேன்" என்றாள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் போல.

"தெரியும் மதினி. அந்த நாடகத்துக்கும் சேத்துத்தான் கும்பிடுதேன்."

மதினியின் உடம்பு முதலில் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரிய நேரமானது, இரண்டும்தான். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு சார்ஜரை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுந்து சுவரோரம் போய், பிளக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு சொருகினாள். போனில் விளக்கு வந்தது. இருவரும் மூக்கை நீட்டிக் காத்திருந்தார்கள். ஒரு வாடையும் வரவில்லை, கீரை வாசனைதான்.

"கடைசி பஸ்ஸெல்லாம் வேண்டாம், மூணு மணி பஸ்ஸுக்குப் போவோம்" என்றாள் தெய்வானை. "பெட்டிய எடுங்க மதினி."

"நான் வந்து என்ன செய்ய. அங்க இருக்கது ஒத்தப் பிளக்கு. மறுபடியும் உனக்கும் எனக்கும் சண்டைதான் வரும்."

"ஹீட்டர்தான் போயிட்டே மதினி" என்றாள் தெய்வானை. "அந்தப் பிளக்கு இனி உங்களுக்குத்தான்."